சிலுப்பக் கூடாத கிடாய்

மழை தூறத் தொடங்கினால் எங்கள் லயத்தில் எல்லோரும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். ரெங்கம்மா மட்டும் கிடாயை எடுக்க ஓடுவாள். துணி நனைந்தால் அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்துக்கொள்ளலாம், கிடாய் நனைந்தால் என்ன செய்வது என்று கேட்பாள். ஆடு நனைந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தவள்தான். அதைச் சொல்வதற்கு முன் ரெங்கம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பூனாகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். ஒரே நாளில்தான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் வேலைக்குப் பெயர் கொடுத்தோம். பிறகு நான் பிள்ளைக்காம்பராவுக்கு மாறிவிட்டேன். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரெங்கம்மா கொழுந்துக் கூடையை விடவே இல்லை. நான், அகஸ்டினா, அந்தோனியார் கோயில்காரி. அவள் முனியாண்டி கோயில்காரி. சாமி விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் வந்திருக்கிறது.

ரெங்கம்மாவின் வாய்க்குத் தோட்டமே ஒதுங்கிப் போகும். கொழுந்து நிறையைக் குறைத்துச் சொன்ன கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க ஏறி நில்லுங்க, ஒங்களையும் அந்தத் தராசுல நிறுத்துப் பாப்போம், எவ்வளவு கொறையுதுன்னு" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவள். அதே வாய்தான் பக்கத்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாக "கஞ்சி வச்சியா" என்று கேட்கும். புருஷன் முருகையா நேர் எதிர். நாள் முழுக்கப் பேசியதைச் சேர்த்தாலும் நாலு வாக்கியம் தேறாது.

சில வருஷங்களுக்கு முன்னால் கவாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தபோது முருகையாவின் கத்தி குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. முகம், கழுத்து, முதுகு என்று ஓர் இடம் விடாமல் கொட்டித் தள்ளிவிட்டன. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து ரெங்கம்மா முனியாண்டியிடம் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "இந்த உசுர எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க சாமி. நான் ஒங்களுக்கு ஒரு உசுரு தர்றேன்." மறுநாள் முருகையா கண்ணைத் திறந்து பிளேன்டீ கேட்டார். ரெங்கம்மா வெலிமடைப் பக்கம் போய் ஒரு கறுப்புக் கிடாய்க் குட்டியை வாங்கி வந்து, முனியாண்டி பேரில் நேர்ந்துவிட்டாள்.

நேர்ந்துவிட்ட கிடாயைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, எங்கே வேண்டுமானாலும் அது போகலாம். ஆடி மாதப் பூசையன்று பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் தெளிப்பார். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் வெட்டு. எந்த ஆடுதான் தண்ணீர் பட்டால் சிலுப்பாது என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஒங்க அந்தோனியாரு தொலைஞ்ச சாவியத் தேடிக் குடுக்கலாம், எங்க சாமி சம்மதம் மட்டும் சொல்லக் கூடாதா?" என்றாள்.

இப்போது புரிந்திருக்கும். எந்தத் தண்ணீர் பட்டாலும் கிடாய் சிலுப்பும். சிலுப்பிவிட்டால் சாமி கேட்டுவிட்டது என்று ஆகிவிடும். அப்புறம் வைத்திருக்க முடியாது. இது எந்தக் காலத்துச் சட்டமோ தெரியாது, லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதனால் ரெங்கம்மா கிடாய் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. முதல் வருஷப் பூசைக்கு "இன்னும் குட்டியா இருக்கு" என்றாள். அடுத்த வருஷம் "கால நொண்டுது." அதற்கடுத்த வருஷம் "கொம்பு நுனி ஒடிஞ்சிருக்கு, கொறையுள்ளதச் சாமிக்குக் குடுக்கலாமா?" கிடாய்க்கு அவள் பெயர் வைக்கவில்லை. சாமியுடையது என்பதால் மரியாதையாக 'அவரு' என்பாள். முருகையாவும் 'அவரு'தான். "அவரு இன்னும் சாப்பிடல" என்று ரெங்கம்மா சொன்னால் யார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிடாய் காலையில் தேயிலை மலையைத் தாண்டி, காட்டுப்பன்றி நடமாடும் புல்வெளிக்குப் போய்விடும். மத்தியானம் திரும்பி வந்து ஜெயகுமாரின் ஓட்டோவில் ஏறிப் பின் சீட்டில் படுத்துக்கொள்ளும். ஜெயகுமார் ஓட்டோக்காரன், அப்பா காலமான பிறகு முனியாண்டி கோயில் பூசாரியும் அவன்தான். சாமி கிடாயை எழுப்பிவிட அவனுக்கே மனம் வராது. மழை வந்தால் கிடாய் ரெங்கம்மா வீட்டுக்குள், முருகையாவின் கட்டிலுக்கு அடியில், சாக்கின் மேல். எங்கள் பக்கம் மழை வராத நாளை விரல் விட்டு எண்ணலாம்.

குளிக்காத ஆட்டில் உண்ணி இல்லாமல் இருக்குமா? காதுக்குள், வாலுக்கு அடியில், தொடை இடுக்கில் எல்லாம் உண்ணி. கடுகளவில் சிவப்பாகச் சில, இரத்தம் குடித்து அவரைக்கொட்டை அளவுக்கு ஊதிச் சாம்பல் நிறத்தில் சில. சாயந்திரமானால் ரெங்கம்மா இஸ்தோப்பில், அதுதான் வீட்டு முன் வராந்தாவில், கிடாயை மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பிடுங்கியதை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவாள். டப் என்று சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. "நாய்ப் பொழப்பு பொழைக்கிறியே, கைய சோப்புப் போட்டுக் கழுவு" என்று நான் கத்துவேன். சேலையில் துடைத்துக்கொள்வாள்.

போன ஆடிப் பூசைக்கு முந்திய வாரம் முருகையாவுக்குக் காய்ச்சல் வந்தது. தலை வெடிக்கிறது, மூட்டெல்லாம் முறிகிறது என்றார். அந்த மனிதர் வாய் திறந்து இவ்வளவு சொன்னதே எனக்குப் பயமாக இருந்தது. பனடோல் கொடுத்தால் இறங்கும், திரும்ப ஏறும். பிறகு உடம்பில் சிவப்பு சிவப்பாகப் புள்ளிகள் கிளம்பின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று நான் சொன்னேன். அதற்குள் ஜெயகுமார் பார்க்க வந்தான்.

"பெரியம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் ரெங்கம்மாவிடம். முகம் வெளிறிப் போயிருந்தது. "ரெண்டு மூணு நாளா என் வலது காதுக்குள்ள சத்தம் கேக்குது. யாரோ உள்ள நடக்குற மாதிரி, சொரண்டுற மாதிரி. கோயில்ல வெளக்கு ஏத்தும்போதும் கேட்டுச்சு. முனிதான் பேச வர்றாரு, எனக்குத்தான் வெளங்க மாட்டேங்குது."

ரெங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். உயிருக்கு உயிர் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய உயிர், காய்ச்சலில் உள்ளே முனகிக்கொண்டிருந்தது. தருகிறேன் என்று சொன்ன உயிர் வாசலில் பலா இலை மென்றுகொண்டிருந்தது.

"ஏமாத்திட்டேன்ல, அதான் குடுத்ததத் திருப்பிக் கேக்குறாரு" என்றாள். "வெள்ளிக்கிழமை பூசையில வெட்டிரலாம் ஜெயகுமார். நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்த வாரம் ரெங்கம்மா யாரையும் திட்டவில்லை. லயமே ஊமையாகிவிட்டதுபோல இருந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கிடாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அதுக்கு நான் பேரே வைக்கல அகஸ்டினா" என்றாள். "பேரு வச்சா பாசம் வந்துரும்னு. வைக்காமயே வந்துருச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவள் மேல் கோபமும் வந்தது. நேர்ந்துவிடுகிறவள் கோழியை நேர்ந்துவிட்டிருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை காலை முனியாண்டி கோயில் மரத்தடியில் எல்லோரும் கூடிவிட்டோம். முருகையாவைக் கம்பளியில் சுற்றி ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். ஜெயகுமார் குளித்துத் திருநீறு பூசி, மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தான். ரெங்கம்மா கிடாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வேப்பிலையைச் செம்பில் நனைத்துக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே காதைப் பொத்திக்கொண்டது. செம்பு கீழே விழுந்து தண்ணீர் கிடாயைத் தொடாமல் எங்கள் காலெல்லாம் ஓடியது.

"கடிக்கிறாரு, கடிக்கிறாரு" என்று அலறினான் ஜெயகுமார். "முனி காதுக்குள்ள கடிக்கிறாரு."

எனக்குப் பொறுமை என்பது கொஞ்சம்தான், அது அங்கே தீர்ந்துபோனது. "சாமி எதுக்குடா ஒன் காதக் கடிக்குது? அதுக்கு வேற வேலை இல்லையா? எடுடா வண்டிய ஆஸ்பத்திரிக்கு" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் முருகையாவையும் பிடித்து ஓட்டோவில் ஏற்றினேன். ரெங்கம்மாவும் ஏறிக்கொண்டாள். காதில் துவாயைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் தலையைப் பிடித்தபடி ஜெயகுமார் ஓட்டினான். தன் சீட்டில் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம் என்று கிடாய் கோபமாகக் கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஜெயகுமாரின் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். ஏதோ மருந்துத் துளியை ஊற்றி, சற்று நேரம் வைத்திருந்து, நீட்டு இடுக்கியை உள்ளே விட்டு ஒன்றை இழுத்தெடுத்தார். வெள்ளைத் தட்டில் போட்டதும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். உண்ணி. காலை இன்னும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

"காதுக்குள்ள உண்ணி போறது இந்தப் பக்கம் புதுசில்ல" என்றார் டொக்டர். "வீட்டுல ஆடு, மாடு ஏதும் வளக்கிறீங்களா?"

"ஆடு ஒண்ணு இருக்குங்க" என்றாள் ரெங்கம்மா. "ஆனா எங்களோடது இல்லீங்க. சாமியோடது."

டொக்டர் முருகையாவின் பக்கம் திரும்பினார். கையை விரிக்கச் சொன்னார். உள்ளங்கையில் புள்ளி. செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளங்காலிலும் புள்ளி. முழங்காலுக்குப் பின்னால், நாங்கள் யாரும் பார்க்காத இடத்தில், கறுத்துக் காய்ந்த ஒரு சின்னப் பொருக்கு இருந்தது. உண்ணி கடித்த இடம் அது, இது உண்ணிக் காய்ச்சல் என்றார். வார்டில் படுக்கவைத்து, இரத்தம் எடுத்து, மாத்திரை தொடங்கினார்கள். உண்ணியை நகத்தால் நசுக்கினால் அதன் உள்ளே இருக்கும் நோய் கையில் உள்ள கீறல் வழியாக ஏறிவிடலாம், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், பிறகு கையைக் கழுவ வேண்டும் என்று சொன்னார். நான் ரெங்கம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. முருகையா எழுந்து உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். குளவி கொட்டியபோது அழாத ரெங்கம்மா அப்போது விம்மி விம்மி அழுதாள். "சாமிக்கு நம்ம மேல கோவமே இல்ல அகஸ்டினா, கோவமே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கதை இதோடு முடிந்துவிடவில்லை. பூசை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப் போயிருந்தது. ஜெயகுமார் காதில் பஞ்சோடு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "உண்ணி வேற, வேண்டுதல் வேற பெரியம்மா. எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டோம்" என்றான். சொல்லும்போது அவனும் கிடாயைப் பார்க்கவில்லை. அவன் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் தொல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்; அந்த வாரமே மிருக வைத்தியர் ஸஜீதா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பதுளைக்காரப் பெண், தலையில் முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ், சேற்றுக்கு அஞ்சாத நடை. விளையாட்டு மைதானத்துக்கு மாடு, ஆடு, நாய் எல்லாவற்றையும் ஓட்டி வரச் சொன்னார். மாடுகளுக்குக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகில் ஒரு மருந்தை ஊற்றிக்கொண்டே வந்தார்; கூடவே பேசிக்கொண்டும் வந்தார்.

"எல்லா உண்ணியும் ஒண்டு போல இல்ல. மாட்டுல இருக்கே, இந்தச் சாதி ஏறின மாட்டுலயே இருந்து வளர்ந்து, முட்டை போட மட்டும்தான் கீழ விழும். மாட்டுக்குக் காய்ச்சல் வந்து மூத்திரம் சிவப்பாப் போனா ஒடனே சொல்லுங்க, அது இது குடுக்கிற நோய். ஆட்டுல இருக்கிறது வேற சாதி. சின்னதில எலி, முயல் எண்டு ஏறும். விழும். பிறகு வேற ஒண்டுல ஏறும். பெரிசானதும் பன்றி, ஆடு. நடுவுல புல்லு நுனியில காலை நீட்டிட்டுக் காத்துட்டு நிக்கும், ஆள் வந்தா ஆள் மேலயும் ஏறும்."

பூனாகலையிலிருந்து பதுளைக்குப் போக நாங்கள் பஸ் மாறி மாறி ஏறுவதைப் போலத்தான் என்று எனக்குப் பட்டது. நாய் உண்ணி சுவர் வெடிப்பில் முட்டை போடும், வெடிப்பைச் சாந்தால் அடையுங்கள் என்றும் சொன்னார். ஜெயகுமாரின் ஓட்டோ சீட்டைக் கிழித்துப் பார்க்கச் சொன்னார். தையல் ஓரமெல்லாம் குடும்பம் குடும்பமாக இருந்தன. ஒரு மாதமாகத் தன் வண்டியில் ஏறினவர்கள் ஏன் சொறிந்துகொண்டே இறங்கினார்கள் என்று அவனுக்கு அன்றுதான் புரிந்தது.

கடைசியாகக் கிடாய். ஸஜீதா டொக்டரம்மா மருந்துப் போத்தலைச் சாய்க்கப் போனார். ரெங்கம்மா கிடாய் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துவிட்டாள்.

"தண்ணி படக் கூடாதுங்க டொக்டரம்மா. சிலுப்பிரும். சிலுப்பினா வெட்டணும்."

ஜெயகுமார் விவரத்தைச் சொன்னான். டொக்டரம்மா சிரிக்கவில்லை. போத்தலை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, ஊற்ற வேணாம். ஊசி இருக்கு. ஆனா ஒரு விஷயம். இந்த ஊசி போட்டா ஒரு மாசத்துக்கு மேல இறைச்சி சாப்பிட ஏலாது, மருந்து உள்ள நிக்கும். எங்கட ஆக்கள் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு வச்சிருக்கிற ஆட்டுக்கும் இதத்தான் சொல்றேன். கெதியில, இந்த மாசத்துக்குள்ள வெட்டுற யோசனை இருந்தா இப்பவே சொல்லுங்க, வேற வழி பாப்போம்."

பூசைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. ஜெயகுமார் வாயைத் திறந்தான். அதற்குள் ரெங்கம்மா எழுந்து, சேலையை உதறி, கிடாயின் தொடையை நீட்டிப் பிடித்தாள்.

"போடுங்க" என்றாள்.

ஊசி இறங்கியது. கிடாய் ஒருமுறை திரும்பி முறைத்துப் பார்த்தது, அவ்வளவுதான். ரெங்கம்மா ரொம்பப் பணிவாக, அவள் குரலா இது என்று நான் திரும்பிப் பார்க்கும்படி, கேட்டாள்.

"இந்த மருந்து முடிஞ்சா உண்ணி மறுபடி வருங்களா?"

"வரும் அம்மா. பன்றி போற புல்லுக்குப் போனா வராம இருக்குமா? வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் பாத்துப் போடணும்."

"ஆடி பொறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால போட்டா நல்லதுங்களா?"

டொக்டரம்மா அவளைப் பார்த்தார். ஜெயகுமாரைப் பார்த்தார். "மிச்சம் மிச்சம் நல்லது" என்றார். முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. முருகையா இந்தத் தடவை நடந்தே வந்தார். பொங்கல் பொங்கியாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று. எல்லோருடைய கண்ணும் கிடாய் மேல். அது ரெங்கம்மாவின் பக்கத்தில் நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. ஜெயகுமார் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ரெங்கம்மா போய் அவன் கையிலிருந்து செம்பை வாங்கினாள். முனியாண்டியின் கல்லுக்கு நேராக நின்றாள். கணக்கப்பிள்ளையிடம் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"சாமி, நான் சொன்ன சொல்லு தவற வரல. ஆனா இவருக்கு ஊசி போட்டிருக்கு. இப்ப நீங்க சாப்பிட்டா ஒங்க ஒடம்புக்கு ஆகாது. டொக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அதனால அடுத்த வருசம் பாத்துக்குவோம். ஒங்களுக்குச் சம்மதமான்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டு, இத்தனை வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடாத அந்தக் கிடாயின் தலையில் செம்பு முழுவதையும் கவிழ்த்தாள்.

கிடாய் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு கொம்பிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுவதையும் சிலுப்பியது. முன்வரிசையில் நின்ற எல்லோர் மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. எனக்கும் முகமெல்லாம் மஞ்சள். யாரும் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சம்மதம் சொல்லிட்டாரு" என்றாள் ரெங்கம்மா.

ஜெயகுமார் காதுப் பஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பூசாரி அவன்தான், அவன்தான் சொல்ல வேண்டும். "ஆமா பெரியம்மா" என்றான், "சொல்லிட்டாரு." முருகையா சிரித்தார். அவர் பல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று சாயந்திரம் வழக்கம்போல மழை தூறியது. எல்லோரும் துணி எடுக்க ஓடினோம். எங்களோடு ரெங்கம்மாவும் தன் துணியை எடுக்க ஓடினாள். கிடாய் மழையில் நன்றாக நனைந்து, ஆற அமர நடந்து வந்து, நான் இஸ்தோப்பில் குவித்து வைத்திருந்த பிள்ளைக்காம்பராத் துணிகளுக்குப் பக்கத்தில் நின்று, ஆசை தீரச் சிலுப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி நான் ரெங்கம்மாவை நன்றாகத் திட்டினேன். அவளும் பழைய குரலில் நன்றாகத் திருப்பித் திட்டினாள்.